தாளில் இல்லாத இரும்பு

துவாரகாவில் ஒரு கல்யாணம். மொய் வைக்க ஒரு ரூபாய் நோட்டு வேண்டும் என்று என் மனைவி சொல்லி அனுப்ப, மருமகள் கினாரி பஜாரிலிருந்து ஒரு புதுக் கட்டையே வாங்கி வந்துவிட்டாள். நூறு நோட்டுக்கு நூறு ரூபாயைவிடக் கூடுதலாகக் கொடுத்துத்தான். தில்லிக்காரர்களின் ஷகுன் உறைகளில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியே விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது செல்லாது. ஐந்நூறோ ஆயிரமோ, மேலே சேர்க்கிற ஒன்று தாளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் மாமியார் காலத்துச் சட்டம். இன்றைக்குக் கல்யாண மண்டப வாசலிலேயே கியூ.ஆர். அட்டையை வைத்துவிடுகிறார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் இன்னும் திருத்தப்படவில்லை.

மருமகள் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன, கடல் நடுவுல கட்டடம் மாதிரி?" என்று கேட்டாள். சின்னக் கேள்விதான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் சமையலே முடிந்துவிட்டது.

அந்தக் 'கட்டட'த்தின் பெயர் சாகர் சாம்ராட். கடலடியில் கால் ஊன்றி நின்று துளையிடுகிற ரிக். ஜப்பானில் ஹிரோஷிமாவில் மிட்சுபிஷி நிறுவனம் 1973-ல் கட்டிக் கொடுத்தது. மறு வருஷம் பிப்ரவரியில் மும்பைக்கு மேற்கே, பம்பாய் ஹை என்று பின்னால் உலகம் அறிந்த இடத்தில், எண்ணெயைக் கண்டுபிடித்தது. 1976-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. உரானுக்குக் கடலடிக் குழாய் வருகிறவரை, மிதவை ஒன்றில் கப்பலைக் கட்டி அதில் எண்ணெயை நிரப்பித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெருமையில் சாகர் சாம்ராட் ரூபாய் நோட்டில் ஏறியது. ஒரு ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி வெளியிடுவதில்லை, இந்திய அரசே வெளியிடுகிறது. கையெழுத்துப் போடுகிறவர் தில்லியில் உட்கார்ந்திருக்கிற நிதிச் செயலாளர். 1994-ல் அச்சடிப்பதை நிறுத்தி 2015-ல் மறுபடி தொடங்கியபோதும் ரிக் அப்படியே இருந்தது.

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்து கடல் சாமான்களுக்குக் கையெழுத்துப் போடுவது தில்லிக்குப் புதிதில்லை. ராஜ்தானியில் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்தால்தான் அலையைப் பார்க்கலாம். ஆனால் எந்த எண்ணெய் வயலில் என்ன மிதக்க வேண்டும், யாரிடம் வாடகைக்கு எடுப்பது, எத்தனை வருஷத்துக்கு என்பதெல்லாம் சாஸ்திரி பவனிலும், கன்னாட் பிளேஸில் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஜீவன் பாரதி கட்டடத்திலும், பிகாஜி காமா பிளேஸிலும் கோப்புகளாகச் சுற்றி முடிவான காலம் அது. நான் அந்தக் கோப்புகளின் கடைசிக் கண்ணி. ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன். மாயவரம் பக்கத்துப் பாலிடெக்னிக் பையன், ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, ராமகிருஷ்ணபுரத்தில் மூன்று பேரோடு ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடி அறையில், தங்கி, ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் முருகனைப் பார்த்துவிட்டுக் கரோல் பாகில் காப்பிப் பொடி வாங்கி வருகிற தலைமுறை.

எங்கள் வரைகூடம் நீண்ட ஹால். வரிசையாகச் சாய்மேசைகள், ஒவ்வொன்றிலும் கை மடங்கிய டிராஃப்டர். மே மாதத்தில் கூலர் ஓடும். வெட்டிவேர்த் தட்டியில் நனைந்து வருகிற அந்தக் காற்று மனிதனுக்குச் சுகம், டிரேசிங் தாளுக்கு ஆகாது. ஈரத்தில் தாள் விரிந்து, காலையில் ஒட்டிய இடத்தில் மாலையில் அலை எழும்பியிருக்கும். கோடு அரை மில்லிமீட்டர் நகரும். அதனால் நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கூலரை மானேஜர் அறைப் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். ரோட்ரிங் பேனாவால் போட்ட மைக்கோடு தப்பினால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய இடத்தை நகத்தால் வழவழப்பாக்கி மறுபடி வரைவதில்தான் ஒருவனுடைய கைத்திறன் தெரியும். ஹாலின் கோடியில் பிரிண்ட் எடுக்கிற அறை. அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். சாப்பாட்டு டப்பாவில் என்ன கொண்டுவந்தாலும் அந்த வாடை ஏறிவிடும். இன்றைக்கும் பாத்ரூம் கழுவுகிற திரவம் எதிலாவது அந்த நெடி வந்தால் எனக்குப் புளிசாதம் நினைவுக்கு வருகிறது.

மிதக்கும் உற்பத்திக் கப்பல் என்ற சங்கதியை எனக்கு முதலில் விளக்கியவர் எங்கள் சீனியர், ஒரு வங்காளி. எல்லோருக்கும் தாதா. கொல்கத்தாவில் கப்பல் கட்டுமானத்தில் கை தேர்ந்தவர். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபின் எண்ணெய்க்கான தேவை சுருங்கி, ராட்சச டாங்கர்கள் வேலையில்லாமல் நார்வே நாட்டின் கடற்கழிகளில் வரிசையாக நங்கூரமிட்டுக் கிடந்த கதையை அவர்தான் சொன்னார். கிட்டத்தட்டப் பழைய இரும்பு விலைக்குக் கப்பல்கள். அந்தச் சமயத்தில் 1977-ல் ஸ்பெயின் கடலில், காஸ்டெயோன் என்ற சின்ன எண்ணெய் வயலுக்கு, ஷெல் நிறுவனம் ஒரு பழைய டாங்கரையே உற்பத்திக் கப்பலாக மாற்றிக் கட்டிப்போட்டது. குழாய் போட்டால் கட்டுப்படியாகாத வயல்களுக்கு அதுவே வழியாயிற்று. எஃப்.பி.எஸ்.ஓ. என்று அதற்குப் பெயர் நிலைத்தது. கிணற்றிலிருந்து வருவதை மேல்தளத்திலேயே எண்ணெய், தண்ணீர், வாயு என்று பிரிப்பது. எண்ணெயைப் பழைய சரக்குத் தொட்டிகளிலேயே தேக்குவது. நிறைந்ததும் பக்கத்தில் வந்து நிற்கிற வேறு டாங்கருக்குக் குழல் வழியாக ஏற்றிவிடுவது. மூன்று வேலையையும் ஒரே கப்பல் செய்யும்.

"ஆனா அது எப்படி சார் ஒரே இடத்துல நிக்கும்? காத்து மாறினா?" என்று கேட்டேன்.

தாதா தாளில் ஒரு வட்டம் போட்டார். கப்பலின் முன்பக்கத்தில் டரெட் என்ற பெரிய உருளை. கடலடியில் புதைத்த நங்கூரங்களிலிருந்து வருகிற சங்கிலிகள் அதில்தான் மாட்டியிருக்கும். கிணறுகளிலிருந்து வருகிற குழாய்களும் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். உருளை அசையாது, கப்பல் அதைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். முளைக்குச்சியில் கட்டிய மாடு என்று நான் புரிந்துகொண்டேன், தாதாவிடம் சொல்லவில்லை. இவ்வளவு குழாய்களும் சுற்றும்போது முறுக்கிக்கொள்ளாமலிருக்க நடுவே ஒரு ஸ்விவல். கப்பலில் ஆகப் பெரிய தலைவலி பிடித்த இடம் அதுதான் என்று தாதா சொல்வார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அது எங்கள் ஊர்க் கடலுக்கே வந்தது. காவிரிப் படுகையில், புதுச்சேரிக்குத் தெற்கே, பி.ஒய்.-3 என்ற வயல். 1997-ல் அங்கே எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். ஹார்டி என்ற நிறுவனம் நடத்தியது, ஓ.என்.ஜி.சி.யும் பங்காளி. தஹாரா என்று ஒரு மிதக்கும் உற்பத்தி மேடை. எண்ணெயைத் தேக்க எண்டெவர் என்று ஒரு டாங்கர். கிணறுகளின் வாய்கள் கடலடியிலேயே இருந்தன. அந்தக் கோடை விடுமுறையில் தரங்கம்பாடிக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து அப்பாவிடம், "அதோ அந்தப் பக்கம்தான் எங்கேயோ கப்பலைக் கட்டிப்போட்டு எண்ணெய் எடுக்கறாங்க" என்று கையை நீட்டினேன். அவ்வளவு தூரத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நகராத கப்பலுக்கு மாலுமி எதுக்கு?" என்றார். அது நியாயமான கேள்வி. அதற்கும் கப்பல்காரர்கள் வேண்டும், அலையைப் பார்க்க, தொட்டிகளில் பாரத்தைச் சரிக்கட்ட, பம்ப்புகளை ஓட்ட. அப்பாவுக்கு அந்த விடை திருப்தியாக இல்லை.

2011-ல் பி.ஒய்.-3 உற்பத்தி நின்றது. அப்பா அதற்குள் போய்விட்டார்.

எங்கள் வேலைக்கு வருகிறேன். பழைய டாங்கரை மாற்றுவதற்குக் கோப்புகளில் எப்போதும் இரண்டே காரணங்கள் எழுதுவார்கள். புதுக் கப்பல் கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும், செலவு குறையும். இரண்டும் பல சமயம் உண்மைதான். ஆனால் கோப்பை எழுதியவர் கப்பலுக்குள் இறங்கியிருக்கமாட்டார். எனக்கு அந்த வாய்ப்பு ஒரு தடவை கிடைத்தது. சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மாற்றிக்கொண்டிருந்த டாங்கருக்கு, எங்கள் வரைபடங்களை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க என்னை அனுப்பினார்கள். வெளிநாடு என்றதும் ராமகிருஷ்ணபுரமே வந்து வழியனுப்பியது. கோடாலித் தைலமும் டைகர் பாமும் எத்தனை டப்பா வேண்டும் என்ற பட்டியல்தான் என் பாஸ்போர்ட்டைவிடத் தடிமனாக இருந்தது.

தொட்டிக்குள் இறங்க முதலில் வாயுச் சோதனைச் சான்று, பிறகு அனுமதிச் சீட்டு, இடுப்பில் ஆக்சிஜன் மீட்டர். வாய் வழியாகத் தலையை நுழைத்தால் கீழே ஏழெட்டு மாடி ஆழம். எத்தனை தடவை கழுவியிருந்தாலும் பழைய கச்சா எண்ணெயின் கனத்த வாடை சுவரில் இருக்கும். ஏணியில் எனக்கு முன்னே இறங்கியவர் ஒரு ஃபிட்டர். பாதி வழியில் நின்று மேலே பார்த்துக் கேட்டார்.

"சார் தமிழா? ஊரு எது?"

"மாயவரம் பக்கம். நீங்க?"

"பட்டுக்கோட்டை. மெதுவா வாங்க சார், அந்தப் படி வழுக்கும்."

அடியில் நின்றால் அது கோயில் மண்டபம் அளவுக்கு ஓர் இருட்டு. சுவரெல்லாம் சாக்பீஸ் எண்கள். மீயொலி மானியால் தகட்டின் தடிமனை ஓர் ஆள் அளந்து சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டு போயிருந்தார். கப்பல் கட்டியபோது இருந்த தடிமனிலிருந்து இவ்வளவுக்கு மேல் குறைந்திருந்தால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். அதிகம் அரித்திருப்பது இரண்டு இடத்தில். ஒன்று தொட்டியின் அடித்தளம், எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தங்குகிற இடம். இன்னொன்று மேல்தளத்தின் அடிப்பக்கம், எண்ணெய் படாமல் ஆவி மட்டும் படுகிற இடம்.

சாதாரண டாங்கராக ஓடும்போது சில வருஷத்துக்கு ஒருமுறை உலர்துறைக்கு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். உற்பத்திக் கப்பலாகிவிட்டால் பதினைந்து இருபது வருஷம் இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் வயல் நிற்கும். அதனால் இன்றைக்குத் தாங்கும் என்பது போதாது, இருபது வருஷம் கழித்தும் தாங்குமா என்று ஒவ்வொரு தகட்டையும் கேட்க வேண்டும். இதை நான் காகிதத்தில் எத்தனையோ தடவை வரைந்து, எண் எழுதியிருக்கிறேன். அந்த இருட்டில் நின்றபோதுதான் எத்தனை தகடுகள் என்று உறைத்தது.

பட்டுக்கோட்டைக்காரர் கையில் சின்னச் சுத்தியல். நடந்துகொண்டே அங்கங்கே தட்டுவார். ஓரிடத்தில் நின்று மறுபடி தட்டிக் காட்டினார். சத்தம் மாறியது.

"இது உங்க தாள்ல இருக்கா சார்?"

இல்லை. எப்போதோ, ஏதோ துறைமுகத்தில், யாரோ அவசரத்துக்குத் தகட்டின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அதன் மேல் பெயின்ட். எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. இன்னும் நாலு அடி தள்ளி, மேல்தளத்துக் கருவிகளைத் தாங்கப்போகிற தூணின் அடி, கீழே இருக்கிற சட்டத்தின் மேல் சரியாக உட்காராமல் ஓரமாக விழுந்தது. ஏனென்றால் சட்டம் தாளில் காட்டிய இடத்தில் இல்லை. ஆயிரக்கணக்கான டன் இயந்திரங்கள் அந்தத் தூண்களில் நிற்கப் போகின்றன. நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே போனேன். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டே மகள் பிளஸ் டூ முடித்ததையும், மன்னார்குடிப் பக்கம் கட்டுகிற வீடு லிண்டல் மட்டத்தில் நிற்பதையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் வரச் சொல்லி, வாழை இலையில் மீன் குழம்பு வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடவில்லை. "தில்லியிலிருந்து வந்திருக்கீங்க, அங்க மீன் கிடைக்குமா பாவம்" என்றார்.

திரும்பி வந்தபின் ஒரு கூட்டம். மாற்ற வேண்டிய இரும்பு மதிப்பிட்டதைவிட அதிகம் என்று பட்டறை கணக்கு அனுப்பியிருந்தது. ஒப்பந்தத்தில் டன்னுக்கு இவ்வளவு என்று விலை, அளவு கூடினால் பணமும் கூடும், நாளும் கூடும். மேசையின் தலைப்பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனிதர், கெட்டிக்காரர். "அசல் வரைபடத்தில் இவ்வளவுதானே காட்டியிருக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தாதா பொறுமையாக, "அது கப்பல் பிறந்த அன்னிக்கு எடுத்த போட்டோ, சார்" என்றார். ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. தேநீரும் பட்டர் பிஸ்கட்டும் வந்தன, அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

பழசை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நோக் நெவிஸ் என்று ஒரு கப்பல், தன் காலத்தில் உலகத்திலேயே நீளமானது, 458 மீட்டர். ஜப்பானில் கட்டியது. 1988-ல் ஈரான்–இராக் போரில் குண்டு விழுந்து எரிந்தது. அதைக்கூடத் தூக்கி நிறுத்திச் சரிசெய்து, 2004 முதல் கத்தார் கடலில் எண்ணெய் தேக்குகிற கிடங்காக வைத்திருந்தார்கள். கடைசியில் குஜராத்தில் அலங் கடற்கரைக்கு வந்து உடைபட்டது. பேப்பரில் படித்த அன்றைக்கு, தாதாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அப்போது அவர் சித்தரஞ்சன் பார்க்கில் மகன் வீட்டில் இருந்தார்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏமன் கடலில் சேஃபர் இருந்தது. 1976-ல் கட்டிய டாங்கர், எண்பதுகளின் பிற்பாதியில் கிடங்குக் கப்பலாக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் பராமரிப்பு நின்று, பதினோரு லட்சம் பீப்பாய்க்கும் மேலான எண்ணெயோடு துருப்பிடித்துக்கொண்டே நின்றது. 2023-ல் ஐக்கிய நாடுகள் சபை பணம் திரட்டி, அந்த எண்ணெயை வேறு கப்பலுக்கு இறைத்து மாற்றும்வரை செங்கடல் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நம் நாட்டில் ஆழ்கடல் எண்ணெய் முதலில் வந்ததும் மாற்றியமைத்த டாங்கர் வழியாகத்தான். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸின் எம்.ஏ. வயல், தண்ணீரின் ஆழமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூரில் மாற்றிக் கொண்டுவந்த கப்பலுக்குத் திருபாய்-1 என்று பெயர். 2008 செப்டம்பரில் எண்ணெய் வந்தது. அன்று எங்கள் வரைகூடத்தில் லட்டு கொடுத்தார்கள். அதற்குள் அது வரைகூடமாக இல்லை. சாய்மேசைகளை ஏலம் விட்டு, எல்லோர் முன்னாலும் கம்ப்யூட்டர். அம்மோனியா அறையில் சர்வர் வைத்துப் பூட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர் என் பிளேடைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டு, சொன்னபின் நம்பவில்லை. பத்து வருஷம் உழைத்து 2018-ல் அந்த வயல் ஓய்ந்தது. அதற்கு முன்பே நானும் ஓய்வு பெற்றிருந்தேன். பிரிவுபசாரத்தில் ஒருவர், "சார் இனிமே எஃப்.பி.எஸ்.ஓ., வீட்டை விட்டு நகர மாட்டார்" என்று பேசிக் கைத்தட்டல் வாங்கினார். என் மனைவி மட்டும், "உற்பத்தி என்ன பண்ணப்போறாரு?" என்று கேட்டாள்.

இப்போது சாகர் சாம்ராட். கிணறு தோண்டி முடித்த அந்த ரிக்கை உற்பத்தி மேடையாக மாற்றுவது என்று ஓ.என்.ஜி.சி. முடிவு செய்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நோட்டில் இருக்கிற ஆள் அல்லவா. ஆனால் வேலை பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. 2022 டிசம்பர் 23-ல்தான் மும்பைக்கு மேற்கே சுமார் 145 கிலோமீட்டரில், டபிள்யூ.ஓ.-16 வயலில் அதை இயக்கிவைத்தார்கள். நாளொன்றுக்கு 20,000 பீப்பாய் கச்சா எண்ணெயைக் கையாளும் திறன். ஐம்பது வயதை நெருங்கிய இரும்பு. புதிதாகவே ஒன்றைக் கட்டியிருந்தால் எத்தனையோ முன்னால் வந்திருக்கும் என்று மனசுக்குள் ஓடியது. பழசு என்றால் சீக்கிரம், பழசு என்றால் மலிவு என்று கோப்பில் எழுதுகிற அந்த இரண்டு வரியின் மேல் எனக்கு இருக்கிற சந்தேகம் அப்படி. அதே கிருஷ்ணா–கோதாவரிக் கடலுக்கு ரிலையன்ஸ் அடுத்து ரூபி என்ற கப்பலைக் கொண்டுவந்தபோது, அது கொரியாவில் அடியிலிருந்தே புதிதாகக் கட்டியது.

என் தங்கை மகன் இப்போது சிங்கப்பூரில் டுவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் இருக்கிறான். கடந்த மாதம் வீடியோவில் பேசினான். இன்றைக்கெல்லாம் டாங்கர் வந்து சேர்ந்ததும் முதல் வேலை லேசர் ஸ்கேன். தொட்டி முழுக்கப் புள்ளி புள்ளியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள், சட்டம் எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டரில் தெரியும். திரையில் காட்டினான். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"அப்ப தகட்டு மேல தகடு வச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"ஸ்கேன் பெயின்ட்டைத்தான் மாமா பாக்கும். உள்ள இருக்கறதை இறங்கித் தட்டித்தான் பாக்கணும்."

அடுத்த வாரம் முதல் தடவையாக அவன் தொட்டிக்குள் இறங்குகிறானாம். முதல் நாளே ஃபிட்டர்களோடு உட்கார்ந்து டீ குடி, எங்கே என்ன ஒட்டு இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும் என்றேன்.

"நம்ம ஊர்க்காரங்க கொஞ்சம் பேர்தான் மாமா. என் டீம்ல எல்லாரும் பங்களாதேஷ்."

சரி, அவர்களும் டீ குடிப்பார்கள்தானே.